வாசல் காலியாக இருந்ததாமே!

போன வெள்ளிக்கிழமை அம்பத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு மாமி பிடித்துக்கொண்டார். "கொரோனாவிலே ஆஸ்பத்திரியெல்லாம் நிரம்பி வழிஞ்சுதுன்னாளே, எல்லாம் புளுகுடி! அந்த மே மாசம் நான் பார்த்தேனே, நம்ம ஆஸ்பத்திரி வாசல்லே ஈ காக்கா இல்லே."

மாமி பார்த்தது நிஜம்தான். ஊரடங்கு, நோயாளியைப் பார்க்க யாரையும் விடவில்லை, தலைவலி, வயிற்றுவலிக்காரர்கள் பயந்து வீட்டிலேயே கிடந்தார்கள். வாசல் காலியாகத்தானே இருக்கும்? நெரிசல் உள்ளே, ஆக்ஸிஜன் வைத்த கட்டில்களுக்கு.

2021 மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மாதம் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை டி.வி.யில் பார்த்தோமே, மறந்துவிட்டதா? கட்டில் கிடைக்கும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்ஸிஜன். வண்டி அங்கே மாட்டிக்கொண்டால், இங்கே பூந்தமல்லியில் கூப்பிடுகிறவருக்கு எது வரும்?

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் (பெயர் வேண்டாமே) ஐந்து மணி நேரம் கிடந்தார். பிழைத்து வந்தது அவர் மனைவியின் தாலி பாக்கியம். "மூச்சு வாங்கவே இல்லையே அக்கா, நல்லாத்தானே பேசினார்" என்று இன்றும் அழுகிறாள். இந்த நோயின் சூது அதுதான். ஆக்ஸிஜன் இறங்குவது சில பேருக்கு வெளியே தெரியாது. அதே தெருவில் 98 காட்டிய ஒரு பையனை, பயத்தில் பணம் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்! லேசான நோய்க்காரர்களுக்கென்றுதான் நம் அத்திப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே மையம் திறந்திருந்தார்கள். யார் கேட்டார்கள்?

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கிறதா? மாட்டுமுன் நகப்பூச்சை அழித்துவிடுங்கள். மருதாணியும் கணக்கைக் குழப்பும். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். கர்ப்பிணிகளைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கட்டும்.

இதையெல்லாம் கேட்ட மாமி, கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்காத்து மெஷின் பீரோ மேலே கிடக்குடி. பாட்டரி இருக்கோ, பேரன் பிடுங்கிப் பொம்மைக்குப் போட்டுட்டானோ, தெரியலே."