சிறுதேரும் கால் மைல் ஓட்டமும்

“பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறான்” என்பதை ஒரு குற்றச்சாட்டாகவே சொல்லும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றி நெடுநாளாயிற்று. ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையை எண்ணிப் பார்க்கலாம். ஆறாம் ஆண்டில் பயிலும் சிறுவன் ஒருவன், அமெரிக்கப் பழைய டிராக் பந்தயக் கார் ஒன்றின் சிற்றுருவத்தை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைத்துக்கொண்டிருக்கிறான். தந்தை எட்டிப் பார்க்கிறார். “இதுவா நாளைக்குச் சோறு போடப் போகிறது?” என்கிறார். மறுநாள் அவன் அதைப் பள்ளிக்குக் கொண்டு சென்றால், ஆசிரியர் வாங்கி இழுப்பறையில் பூட்டிவிடுகிறார். இருவரும் அவன்மீது அன்புடையவர்களே. இருவர் செய்வதும் தவறு.

பூட்டப்பட்ட பொருள் யாது என்பதை அவர்கள் அறிந்தாரில்லை. டிராக் பந்தயம் என்பது கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் நின்ற நிலையினின்று பாய்ந்தோடும் போட்டி. (செவி பிளக்கும் ஆட்டம், எல்லாரும் விரும்ப வேண்டுமென்பதில்லை.) அந்தத் தொலைவை 25ஆல் வகுத்தால் 16 மீட்டர் வரும், பள்ளி நடைபாதையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிவிடலாம். வண்டியின் நீளம் 25இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது மேற்பரப்பு 625இல் ஒரு பங்காகிறது. கன அளவோ 15,625இல் ஒரு பங்காகிறது. ‘இவ்வளவு சிறிது வண்ணமே போதுமானதாக இருக்கிறதே, ஏன்?’ என்று வியக்கும் சிறுவன் 625 என்னும் எண்ணைக் கையால் தொட்டுவிட்டான். கரும்பலகையில் ஆண்டு முழுதும் எழுதப்படும் விகிதப் பாடம் எத்தனை பிள்ளைகளை அவ்விடத்திற்குக் கொண்டு சேர்த்திருக்கிறது?

பழைய டிராக் கார்களுக்கென்றே ஒரு சிறப்பு உண்டு. அவற்றில் பல, எந்திரத்தை மூடி மறைப்பதில்லை. குழாய்ச் சட்டமும் எட்டு உருளைகளும் புகைக்குழாய்களும் வெட்டவெளியில் நிற்கும். கருத்துள்ள சிற்றுருக் கலைஞன் நூல்போன்ற கம்பிகள் எட்டினை எடுத்து, ஒவ்வோர் உருளையின் தீப்பொறிச் செருகிக்கும் தனித்தனியே இணைப்பான். அப்போது அவன் மனத்தில் எழும் வினா, “எது முதலில் வெடிக்கிறது?” என்பது. பழைய கிரைஸ்லர் ஹெமி எந்திரத்தில் அவ்வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2. ஏன் 1, 2, 3 என்று செல்லவில்லை? இவ்வினாவை எழுப்பும் பாடநூல் தொடக்கப்பள்ளியில் இல்லை, பொம்மை எழுப்புகிறது.

இன்னும் ஒன்று. 1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தளத்தில் டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநரின் வண்டியில் பற்சக்கரப் பெட்டி வெடித்தது. எந்திரம் முன்னும் ஓட்டுநர் பின்னுமாக அமைந்த வண்டி அது. வலப் பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார். எந்திரத்தை முதுகுக்குப் பின்னே வைத்தால் என்ன என்று சிந்திக்கலானார். பிறர் முன்பே முயன்று கைவிட்ட வழிதான் அது. வண்டி நேராக ஓட மறுத்தது. சுக்கானின் விகிதத்தை மாற்றி, அதன் துடிப்பைத் தணித்தபின் ஓடிற்று. 1971இல் அவர் அவ்வண்டியில் வென்றார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் அவ்வமைப்புக்கே மாறினர். இரண்டு வகையையும் செய்து மேசைமேல் அருகருகே நிறுத்தும் பிள்ளை, ஒரு காயம் ஒரு வடிவத்தை மாற்றியதைக் கண்ணால் காண்கிறான்.

“இது தெருப்பந்தய மோகத்தை வளர்க்காதா?” என்பார் உளர். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. 1951இல் வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனை நிறுவியதன் நோக்கங்களுள் ஒன்று, தெருவில் ஓடிய இளைஞரை விதிகளுள்ள தளத்துக்கு அழைத்து வருவதே. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் இளைஞனுக்கு எந்திரத்தின் ஒலி மட்டுமே எட்டியிருக்கிறது. அதன் உள்ளமைப்பை எவரும் காட்டவில்லை.

உண்மையான தடை வேறு. கைவேலை என்றால் தாழ்ந்தது என்னும் எண்ணம். தோட்டத்து ஆலைகளையும் லாரிகளையும் பழுது பார்த்த கைகளின் பேரப்பிள்ளைகளுக்கே அது புகட்டப்படுகிறது. தமிழ் மரபு இதற்குப் பொறுப்பன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம். குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் முக்கால் சிறுதேரைப் பட்டினப்பாலையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி புனைந்த சிறுதேரைக் காட்டுகிறார். தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளையே ஆசைப்பட்டான் என்றால் வேலைப்பாடு எத்தகையதாக இருந்திருக்கும்! இவ்விலக்கியங்களை மேடையில் முழங்கிவிட்டு, வகுப்பில் சிறுதேரைப் பறித்துப் பூட்டுவது என்ன தமிழ்ப்பற்று?

படிநிலை இரண்டில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் இருக்கவே இருக்கிறது. தேர்வு நெருங்கினால் முதலில் களவுபோனது அப்பாடவேளைதான்; கணிதத்துக்கும் கட்டுரைக்கும் அது தாரைவார்க்கப்பட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சாக்கு போயிற்று, களவு போகவில்லை.

விலை மிகுதி என்பது நேர்மையான மறுப்பு. வெளிநாட்டுப் பெட்டிகளை எல்லாக் குடும்பமும் வாங்க இயலாது. வாங்கவும் வேண்டா. உறிஞ்சுகுழல் சட்டமாகும், பனிக்கூழ்க் குச்சி அச்சாகும், புட்டி மூடி சக்கரமாகும். அளவுகோல் மட்டும் பொய்க்கலாகாது. பசையின் நெடி தலைக்கேறாதபடி சன்னலைத் திறந்து வைப்பது ஆசிரியர் கடமை. வாரத்துக்கு ஒருமுறை, பறிக்கப்படாத பாடவேளையும் ஒரு நீண்ட மேசையும் வேண்டும். இழுப்பறையில் கிடக்கும் அந்தக் காரை எடுத்து, அதன் சக்கர விட்டத்தை அளக்கச் சொல்லி முதல் பாடத்தைத் தொடங்கலாம்.