கெடு இரு தரப்புக்கும் உண்டு

வைக்கோற்போரில் விழுந்த பொறி, காற்று வீசினால் வீட்டையும் தொழுவத்தையும் பிடித்துக்கொள்ளும். குடியானவர் வீடு வெறும் குடியிருப்பு அல்ல. விதைநெல், உரமூட்டை, மோட்டார் சாமான், பத்திரம் எல்லாம் இருக்கும் இடம் அது. வீடு எரிந்தால் அடுத்த போகமும் எரிந்த மாதிரிதான்.

இதற்கு அஞ்சியே சிலர் பிரீமியம் கட்டி வீட்டை இன்ஷூர் செய்கிறார்கள். ஆனால் நஷ்டஈடு மாதக்கணக்கில் இழுத்தடித்தால் என்ன பயன்? மழைக்கு முன் கூரை போட வேண்டும், விதைக்கவும் வேண்டும். வட்டிக்கு வாங்காமல் வேறு வழியில்லை. பின்னால் வரும் பணம் வட்டிக்கே சரியாகிவிடும்.

பாலிசி முடிந்த மறுநாள் தீப்பிடித்தால் கம்பெனி ஒரு காசும் தராது. அது நியாயம் என்றால், கம்பெனிக்கும் கெடு உண்டல்லவா? உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் அதை இன்னும் குறுக்கியது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதன்பின் 7 நாட்களில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். தேவையற்ற காகிதங்களைக் கேட்டு அலைக்கழிக்கவும் கூடாது.

ஆனால் கெடு என்று தொடங்கியது என்பதற்கு நம் கையில் அத்தாட்சி வேண்டும். வாய்ச்சொல் போதாது. தீப்பிடித்த அன்றே எழுத்தில் தகவல் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். சர்வேயர் பார்க்குமுன் சாம்பலை அள்ளாதீர்கள். புகைப்படம் எடுத்து வையுங்கள். தீயணைப்பு நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சான்று வாங்குங்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் இருக்கட்டும்.

அப்படியும் இழுத்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையேல், அல்லது பதில் திருப்தி தராவிடில், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார்.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்வோம். மொத்தக் கணக்கும் முடியும்வரை காத்திராமல், தகராறில்லாத தொகையையாவது முன்பணமாகக் கொடுங்கள். விதைப்புப் பருவம் எந்த ஆபீஸ் கோப்புக்காகவும் காத்திருப்பதில்லை.