ஒரே காகிதம், இரு நியாயம்

அண்மையில் மயிலாப்பூர்க் கடையொன்றில் மகளுக்கு நோட்டுப் புத்தகமும், என் ஆய்வுப் பணிக்குப் பதிவேடும் வாங்கினேன். நோட்டுக்கு வரியில்லை, பதிவேட்டுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவிகிதம். இரண்டும் மேற்பூச்சில்லாத காகிதமே; சுங்கப் பட்டியலிலும் 4820 என்னும் ஒரே தலைப்பில் அடங்குவன. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுகளுக்கான காகிதத்துக்கும் வரி நீங்கிற்று. அதே ரகக் காகிதம் வேறு பயனுக்குச் சென்றால், வரி 12லிருந்து 18 ஆயிற்று.

பயனைக் கொண்டு வகைப்படுத்துவது புதிதன்று. 2019இல் இறக்குமதிக்கு 10 சதவிகிதச் சுங்கம் விதித்தபோதும், 2020இல் அதை 5 ஆகக் குறைத்தபோதும், செய்தித்தாள் அச்சிடும் பூச்சில்லாக் காகிதம் தனியே குறிக்கப்பட்டது. அவ்வாறாயின் நம் பயனையும் குறிக்கலாகாதா?

மாணவர்க்குச் சலுகை தந்தது நன்றே. ஆனால் நெசவாளர் சங்கத்தின் நூல் இருப்பேடும், விவசாயிகள் சங்கத்தின் கடன் பேரேடும் ஆடம்பரமல்ல; சட்டம் எழுதப் பணிப்பவை. வரிப் பதிவில்லாச் சிறு சங்கம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. கரூர் மாவட்டக் காகிதபுரத்து ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. கரும்பு விளைத்தவரோ தம் கணக்கெழுத வரி கொடுக்கிறார்!

கூட்டுறவுக் கணக்கேடுகளையும் நோட்டுகளின் வரிசையில் சேர்க்குமாறு, அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவார்களாக.