பார்த்து எழுதியவர்கள் என்ற பழி

‘ஆன்லைன்ல எழுதுன டிகிரிதானே?’ தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். அங்கிருந்து 2020க்கும் 2022க்கும் இடையே கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இந்தக் கேள்வியிலிருந்து எளிதில் தப்பித்திருக்க முடியாது. கல்யாண வீட்டில் மாமா கேட்பார். வேலை கேட்டுப் போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார். ‘கொரோனா பேட்ச்’ என்று ஒரு பெயரும் வைத்தாயிற்று. வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, பார்த்துப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். படிக்கத் தேவையே இல்லாமல் பட்டம் பெற்றவர்கள் என்பதுதான் அவர்கள்மீது விழுந்திருக்கும் தீர்ப்பு. விசாரிக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

இது திண்ணைப் பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். 2021 ஆகஸ்டில் மதுரையில் ஹெச்டிஎஃப்சி வங்கிப் பணிக்கான நேர்முகத் தேர்வு விளம்பரம் ஒன்று வெளியானது. 2021இல் படிப்பை முடித்தவர்களுக்குத் தகுதியில்லை என்று அதில் அச்சாகியிருந்தது. கண்டனம் கிளம்பியதும் அது அச்சுப்பிழை என்று வங்கி விளக்கமளித்து, அந்த ஆண்டு முடித்தவர்களும் வரலாம் என்று திருத்தியது. வங்கியின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆனாலும் நாடு முழுக்க அந்த வரியை உண்மை என்று நம்பியது. நம்புவதற்கு ஏற்ற எண்ணம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது.

அந்த எண்ணம் எப்படி வந்தது? இரண்டு வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழம்பியதில் வந்தது. 2020 ஆகஸ்ட் 26 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அறிவித்தார். இறுதிப் பருவத் தேர்வுக்கு அது பொருந்தாது. இருந்தும் ஊர் முழுக்க ‘ஆல் பாஸ்’ என்ற இரண்டு சொல் பரவியது. அரியர் அறிவிப்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் எதிர்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வு நடத்தாமல் தேர்ச்சி தர முடியாது என்று 2021 ஏப்ரலில் முடிந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கோ முதலிலிருந்தே விலக்கு கிடையாது. செப்டம்பருக்குள் தேர்வை முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலை 6 அன்று சொன்னதை, முதல்வரின் அறிவிப்பு வந்த இரண்டே நாளில், ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, பட்டம் வாங்கியவர்கள் தேர்வெழுதித்தான் வாங்கினார்கள். ‘ஆல் பாஸ்’ என்ற சொல் மட்டும் அவர்கள் முதுகில் ஒட்டிக்கொண்டது.

சரி, அந்தத் தேர்வை எப்படி எழுதினார்கள்?

கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக இருந்த முறை இது. வினாத்தாள் செல்போனுக்கு வரும். ஏ4 தாளில் கையால் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண், பக்க எண், கையெழுத்து. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாக நிழல் விழாமல் படமெடுத்து, வரிசை மாறாமல் ஒரே பிடிஎஃப் ஆக்கி, அளவைக் குறைத்து, குறித்த நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். பிறகு அதே தாள்களை உறையிலிட்டு விரைவு அஞ்சலில் அனுப்பச் சொன்ன கல்லூரிகளும் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் செயலி, அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஒன்றாக 2020 ஜூன் 29 அன்று போய்விட்டது. தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில் வேறு செயலியைத் தேடிப் பழக வேண்டியிருந்தது. சிறிய சங்கடம்தான். ஆனால் மூன்று வருடப் படிப்பு ஒரு பதிவேற்றத்தில் தொங்கும்போது எந்தச் சங்கடமும் சிறியதில்லை.

‘பார்த்து எழுதினார்கள்’ என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. எதைப் பார்த்து? கல்லூரி நூலகம் பூட்டிக் கிடந்தது. பாடநூலைச் சொந்தமாக வாங்கும் வசதி உள்ள வீடுகள் குறைவு. பேராசிரியர் அனுப்பிய குறிப்புகள் செல்போனில்தான் இருந்தன. வினாத்தாள் வந்ததும் அதே செல்போனில். விடைத்தாளைப் படமெடுக்க வேண்டியதும் அதே செல்போனில். நடுவில் பெங்களூரில் கட்டட வேலையிலிருக்கும் அண்ணன் கூப்பிட்டாலும் அதே செல்போன்தான் அலறும். ஒரு கேள்விக்கு விடை தேட வினாத்தாளை மூட வேண்டும், குறிப்பைத் திறக்க வேண்டும், சின்னத் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும், திரும்பி வர வேண்டும். எந்த அலகில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். தெரியாதவருக்கு மூன்று மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வுக்குத் தயாராவது ஒரு தனி வேலை. மனப்பாடம் குறையும், எந்தக் கருத்து எங்கே, எதோடு எது சேரும் என்ற வரைபடம் மனத்தில் இருந்தாக வேண்டும். அந்த வேலையை எவரும் சொல்லித்தராமல் தாங்களே கற்றுக்கொண்டவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமா?

இண்டூர் இருக்கும் மாவட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.54 விழுக்காடு. மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்கிறார்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் என்ற நிலை இங்கே சாதாரணம். 2017–18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி பெற்றவை 14.9 விழுக்காடு. இதற்குப் பிறகு இரண்டு வருடத்தில்தான் தேர்வறை வீட்டுக்குள் வந்தது. தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகத் தந்தது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் டேட்டா அட்டை சிக்னலைக் கொண்டுவராது, இரண்டாவது செல்போனையும் கொண்டுவராது.

சிக்னல் கிடைக்காத சிக்கல் ஒரு மாவட்டத்துக் கதை மட்டுமில்லை. 2020 ஜூனில் மிசோரமின் சைஹா மாவட்டத்தில், மௌரேய் என்ற கிராமத்து மாணவர்கள் மலை உச்சிக்கு ஏறி, அங்கே போட்ட மூங்கில் குடிசையில் உட்கார்ந்து பல்கலைக்கழகத் தேர்வை எழுதினார்கள். எளிதான தேர்வுக்கு யாரும் மலையேறுவதில்லை.

பொறியியல் மாணவர்களின் அனுபவம் இன்னும் கடுமை. அண்ணா பல்கலைக்கழகம் கேமராவையும் மைக்கையும் திறந்துவைத்து, மென்பொருள் கண்காணிக்கும் முறையில் தேர்வு நடத்தியது. கண் திரையை விட்டு விலகினால் சந்தேகம், பின்னால் ஆள் நடந்தால் சந்தேகம், சத்தம் கேட்டால் சந்தேகம். தனி அறையும் மேசையும் உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. அடுப்படியும் படுக்கையும் ஒரே அறையாக இருக்கும் வீட்டில், வாசலில் ஆடு கத்தும் வீட்டில், ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் நடமாடாமல் இருப்பது மொத்தக் குடும்பமும் சேர்ந்து எழுதும் பரீட்சை. 2020 நவம்பர்–டிசம்பர் பருவத்துக்காக 2021 தொடக்கத்தில் இப்படி நடந்த தேர்வின் முடிவு வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோற்றிருந்தார்கள். முறைகேடு சந்தேகத்தின் பேரில் பலருடைய முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. புகார்கள் குவிந்தன. ஆட்சி மாறியதும், 2021 மே மாதத்திலேயே அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். படிக்காமலே தேறலாம் என்று பெயர் வாங்கிய தேர்வில் நடந்தது இது. இந்தச் செய்தி அப்போது நாளிதழ்களில் வந்தது. ஆனாலும் ஊர் நினைவில் தங்கியது ‘ஆல் பாஸ்’தான்.

பார்த்து எழுதியவர்கள் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசினால் இந்த வாதத்துக்கு மதிப்பில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் விடை சுற்றியது. ஒருவர் எழுதியதை நால்வர் நகலெடுத்தார்கள். பிரிட்டன் ஆய்வாளர்களான பிலிப் நியூட்டனும் கியோனி எசெக்ஸும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இணையத் தேர்வில் முறைகேடு செய்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் கொரோனாவுக்கு முன் 29.9 விழுக்காடு, கொரோனாக் காலத்தில் 54.7 விழுக்காடு. பாதிக்கு மேல். கவலைப்பட வேண்டிய எண்தான்.

ஆனால் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேசன் சான், தாவி ஆன் இருவரும் 2020 வசந்தப் பருவத்தில் 18 பாடங்களைப் படித்த இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். பருவத்தின் முதல் பாதியில் அவர்கள் வகுப்பறையில் எழுதினார்கள். கொரோனா வந்த பிறகு மறுபாதியில் வீட்டில், யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் எழுதினார்கள். முன்பு நன்றாக எழுதியவர்களே பின்பும் நன்றாக எழுதினார்கள். முன்பு தடுமாறியவர்களே பின்பும் தடுமாறினார்கள். இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.59 என்று வந்தது. முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. அதாவது, முறைகேடு இருந்தும் அந்தத் தேர்வு படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டியது. இது அமெரிக்கக் கணக்கு, தருமபுரிக் கணக்கு இல்லை என்று சொல்லலாம். சொல்பவர்கள் தருமபுரியில் ஒரு கணக்கு எடுத்துவிட்டுப் பேசட்டும். கணக்கே எடுக்காமல் ஒரு தலைமுறையின் பட்டத்தைச் செல்லாக்காசு ஆக்க யாருக்கும் உரிமையில்லை.

தேர்வறையில் எழுதியதெல்லாம் சுத்தம் என்ற எண்ணமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 2015 மார்ச்சில் பீகாரின் வைசாலி மாவட்டத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்த பள்ளியின் சுவரேறி ஜன்னல் வழியாக உறவினர்கள் பிட் கொடுத்த படத்தை உலகமே பார்த்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018இல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவரின் பெயரே அதில் இருந்தது. அந்தத் தேர்வு கண்காணிப்பாளர் நின்று, நுழைவுச்சீட்டு சரிபார்த்து நடந்த தேர்வு. அதற்காக அந்த ஆண்டுப் பொறியாளர்களை யாரும் ‘மறுமதிப்பீட்டு பேட்ச்’ என்று அழைத்ததில்லை. அழைத்திருக்கவும் கூடாது.

வீட்டுத் தேர்வே தொடரட்டும் என்பது இங்கே கோரிக்கை இல்லை. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடம் முழுக்க இணையத்தில் நடக்கிறது. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும். என்பிடெல் இணையப் படிப்புச் சான்றிதழும் அப்படித்தான்: வாராந்தரப் பயிற்சிகளை வீட்டில் முடிக்கலாம், இறுதித் தேர்வு மையத்துக் கணினியில். அது சரியான ஏற்பாடு. 2021 நவம்பரில் வகுப்பு ஆன்லைனில் நடந்ததால் தேர்வும் ஆன்லைனில் வேண்டும் என்று பல ஊர்களில் மாணவர்கள் போராடியபோது, காப்பியடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று பலர் ஒரே வரியில் முடித்தார்கள். அதில் சிலருக்கு அந்த ஆசையும் இருந்திருக்கும். ஆனால் பாதிப் பாடம் அறுந்த சிக்னலில் கேட்ட பிள்ளைக்கு முழுப் பாடத்திலிருந்தும் கேள்வி வருமே என்ற பயம் பொய்யானதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வினாத்தாள் தயாரித்தவர்களை நோக்கியது. வீட்டில் எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தும், ‘வரையறு’, ‘குறிப்பு வரைக’ என்று புத்தகத்தில் அப்படியே கிடக்கும் விடைக்கான கேள்விகளையே ஏன் கேட்டார்கள்? தன் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியோ தன் நிலத்து மண்ணைப் பற்றியோ ஒரு கேள்வி இருந்திருந்தால், வாட்ஸ்அப் குழுவில் வந்த விடை யாருக்கும் உதவியிருக்காது.

இந்தத் தவறான நம்பிக்கையின் சேதம் பழைய மாணவர்களோடு முடியவில்லை. இன்று கல்லூரியில் இருப்பவர்களையும் அது கெடுக்கிறது. ‘ஆன்லைன் எக்ஸாம் ஈஸி’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் முதல்முறை கணினித் தேர்வுக்குப் போய் அதிர்ந்து திரும்புகிறார்கள். வங்கிப் பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். நேரம் முடிந்ததும் திரை அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்ப முடியாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். பாடம் தெரிந்தும், மவுஸைப் பிடித்துப் பழகாத கை, திரையில் நீளப் பத்தி படித்துப் பழகாத கண், எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்துப் பழகாத மனம் — இவற்றால் தோற்கிறவர்கள் உண்டு. நகரத்துப் பிள்ளை பயிற்சி மையத்தில் பணம் கட்டி மாதிரித் தேர்வாக எழுதித் தள்ளுகிறது. இண்டூர்ப் பிள்ளைக்குத் தேர்வு நாளன்றுதான் முதல் மாதிரித் தேர்வு.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. தருமபுரியிலும் பென்னாகரத்திலும் உள்ள கல்லூரிகள் தங்கள் கணினி ஆய்வகத்தை வாரத்தில் ஒரு மாலை எல்லாத் துறை மாணவர்களுக்கும் திறந்துவிடலாம். நேரம் வைத்து மாதிரித் தேர்வு நடத்தலாம். முடிந்ததும் எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போனது என்று ஆசிரியர் உட்கார்ந்து பேசலாம். தமிழ் இலக்கியமும் வரலாறும் படிப்பவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும், ஏனென்றால் மூன்று வருடத்தில் அவர்கள் கணினி முன் உட்காரும் வாய்ப்பு மிகக் குறைவு. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அது இண்டூர் வீட்டுக்கு வந்து சேரும்போது, இந்த மாதிரித் தேர்வுகளும் தமிழ் விளக்கத்தோடு அதற்குள் இருக்க வேண்டும். கடைசி பஸ் போவதற்குள் ஆய்வகப் பயிற்சியை முடித்துவிடவும் வேண்டும். இல்லையென்றால் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள்.