இனிப்புக்கு ஒரு நாள்

'கரும்பு தின்னக் கூலியா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. இனிப்பை விரும்புமாறு எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை என்பதனை அது நயமாக உணர்த்துகின்றது. தாயின் பால் இனிக்கின்றது. கனிந்த பழம் இனிக்கின்றது. பிறந்த குழந்தையும் நாவில் இனிப்புப் பட்டால் முகம் மலர்கின்றது. ஆதலின், இனிப்பில் விருப்பங் கொள்வது குற்றமன்று, அஃது இயற்கையே. ஆனால், அவ்விருப்பத்திற்கு நாள்தோறும் வேளைதோறும் இடங்கொடுத்தல் தகுமோ என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

கோவை மாநகரின் கிழக்கே, அவிநாசி சாலையின் இருமருங்கும் அமைந்துள்ள ஊர் பீளமேடு. பூளைச் செடி மிகுந்த மேடாதலின் பூளைமேடு எனப் பெயர் பெற்று, நாளடைவில் அது பீளமேடு என மருவிற்று என்பர். பொங்கலுக்கு முதல்நாள் கொங்கு நாட்டார் பூளைப்பூவையும் வேப்பிலையையும் ஆவாரம்பூவையும் ஒன்றாகக் கட்டி, வீட்டிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுவர். மறுநாள் புதுப்பானையில் சர்க்கரைப் பொங்கல் பொங்கும். வாயிலிற் கரும்பு நிற்கும். அந்நாளின் இனிப்பைச் சிறுவர்கள் நெடுநாள் எதிர்நோக்கியிருந்து உண்டு மகிழ்ந்தனர்.

அன்றைய கொங்கு மக்களின் அன்றாட உணவு யாது? கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, தட்டைப்பயறு, நிலக்கடலை, மோர் ஆகியவையே. ஒப்பிட்டும் கச்சாயமும் திருநாளிலும் திருமணத்திலும் மட்டுமே சமைக்கப்பெற்றன. சர்க்கரை என்றால் அவர்கட்கு நாட்டுச்சர்க்கரையே. ஆலையில் விளைந்த வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்று வேறு பெயரிட்டு அழைத்தனர். ஒடிசாவில் பழமையான சர்க்கரை ஆலை இருந்த ஆஸ்கா என்னும் ஊரின் பெயரே இவ்வாறு வழங்கலாயிற்று என்பர். வெளியூரிலிருந்து வந்த அப்பொருள் இன்று நம் அடுக்களையின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது.

இம்மாறுதலில் கோவைக்கும் ஒரு பங்குண்டு என்பதனை மாணவர்கள் அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெல்லியதாகவும் விளைச்சல் குறைந்ததாகவும் இருந்தது. நம் நாட்டிற்கு வேண்டிய சர்க்கரையிற் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்து கப்பலேறி வந்தது. இக்குறையைப் போக்குவதற்காக 1912ஆம் ஆண்டு கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. கரும்பு பூத்து விதை கொள்வதற்கு ஏற்ற தட்பவெப்பம் இங்கே உண்டு. பார்பர் என்னும் அறிஞரும் அவர்பின் டி. எஸ். வெங்கட்ராமனும், சாறு மிகுந்த கரும்பினை ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலோடு கலந்து புதிய வகைகளை உண்டாக்கினர். 1918இல் வெளிவந்த 'கோ 205' என்னும் வகை வட இந்திய வயல்களில் நன்கு விளைந்தது. அப்பெயரிலுள்ள 'கோ' என்பது கோயம்புத்தூரையே குறிக்கும். இன்று உலகில் மிகுதியாகச் சர்க்கரை விளைவிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மிகுதியாக உண்ணும் நாடும் இந்தியாவே.

இவ்வறிஞர்களின் உழைப்பு போற்றத்தக்கது. அவர்கள் இல்லாமையை நீக்கினர். ஆனால், இல்லாமை நீங்கியபின் அளவின்மை வந்து புகுந்தது. முன்னர் இனிப்புக்கென்று ஒரு நாள் இருந்தது. இன்று இனிப்பில்லாத நாளே இல்லை. மாலையில் பீளமேட்டுச் சாலையோரத்துப் பேக்கரிகளைப் பாருங்கள். தேநீரும் தேங்காய் பன்னும் கேக்கும் குளிர்பானமும் வாங்க மாணவர் கூட்டம் நிறைந்திருக்கும். அன்று திருநாளுமன்று, எவர் வீட்டிலும் திருமணமுமன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் ஒரு குவளைக் காப்பியில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. மாலையில் ஒரு குவளைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 20 கிராம் ஆகின்றது. ஓராண்டில் அது 7 கிலோவுக்கும் மேற்படும். இனிப்புப் பண்டம் ஒன்றையும் தொடாதவன்கூட இவ்வளவு சர்க்கரையைத் தான் அறியாமலே உண்டுவிடுகின்றான். இனி, 300 மில்லி குளிர்பானம் ஒன்றினை அருந்தினாற் போதும். அதிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருத்தல் கூடும்.

அளவு எவ்வளவு? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறைகள், சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் 2015இல் ஏறத்தாழ இவ்வளவே நன்று எனக் கூறியுள்ளது. ஒரு குளிர்பானப் புட்டி இவ்வெல்லையை ஒரே மூச்சில் கடந்துவிடுகின்றது.

மிகுந்த சர்க்கரை உடலில் என்ன செய்கின்றது? வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிப்பாக மாற்றுகின்றன; அப்புளிப்பு பல்லின் மேற்பூச்சைக் கரைக்கின்றது. குடலை அடைந்த சர்க்கரை விரைவில் குருதியிற் கலக்கின்றது; அதனை அடக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கின்றது. வேண்டியதற்கு மிஞ்சியது கொழுப்பாக மாறி ஈரலிலும் உடலிலும் தங்குகின்றது. நீரிழிவு நோய்க்குச் சர்க்கரை ஒன்றே காரணமன்று. மரபும், உடலுழைப்புக் குறைவும், உடற்பருமனும் காரணங்களாகும். ஆயினும், பருமனை வளர்ப்பதில் சர்க்கரைக்குப் பெரும்பங்குண்டு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுற்றுள்ளனர் என 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு கூறுகின்றது. அவர்களுள் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊரில் உண்டோ?

சிறு வயதில் உண்ணும் சர்க்கரை முதுமை வரையிலும் தொடர்கின்றது என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டில் சர்க்கரை பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது; 1953இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலிருந்து, இரண்டு வயது வரை குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களையும், அதன்பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். முன்னவர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது என்பதனை 2024இல் வெளிவந்த அவ்வாய்வு காட்டிற்று. அரசின் கட்டளையால் நேர்ந்த சிக்கனம் அம்மக்களுக்கு நல்வாழ்வாக முடிந்தது. நாமோ கட்டளைக்குக் காத்திராமல் நம் அறிவினாலேயே அதனைச் செய்யலாம்.

இதற்கு மறுப்புச் சொல்வாரும் உளர். "ஓடியாடும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை வலிமை தருமன்றோ?" என்பர் சிலர். உடலுக்கு வேண்டிய குளுக்கோசைச் சோறும் களியும் பழமும் பயறும் போதிய அளவு தருகின்றன. அவற்றோடு நார்ச்சத்தும் பிற சத்துகளும் கிடைக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையோ வலிமை ஒன்றைத் தவிர வேறொன்றும் தருவதில்லை.

"வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், நாட்டுச்சர்க்கரை உண்போம்" என்பர் வேறு சிலர். கொங்கு நாட்டின் கவுந்தப்பாடியில் விற்கும் நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் பயன்படுவது; மணமும் சுவையும் உடையது. ஆயினும், அதன் பெரும்பகுதியும் அதே கரும்புச் சர்க்கரையே. அதிலுள்ள சிறிதளவு தாதுச் சத்தினை எண்ணி அளவின்றி உண்ணுதல் ஆகாது. தேனுக்கும் கருப்பட்டிக்கும் இதுவே விதி. சர்க்கரையின்றி இனிக்கும் செயற்கைப் பொருள்களை நாடுவதும் முழுத் தீர்வன்று. உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கென்று அவற்றைக் கொள்ள வேண்டா என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. அவை நாவின் பழக்கத்தை மாற்றுவதில்லை அன்றோ?

"அனைவரும் சர்க்கரையைக் குறைத்தால் கரும்பு உழவர் என் செய்வர்?" என்பதும் நல்ல வினாவே. கரும்பு சர்க்கரைக்கு மட்டும் உரியதன்று. அதிலிருந்து வடிக்கும் எத்தனால் பெட்ரோலிற் கலக்கப்படுகின்றது. அதன் சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகின்றது. உழவர் வாழ்வதற்காகப் பிள்ளைகள் நோயுற வேண்டும் என்று எந்த உழவரும் கேட்பதில்லை.

எல்லாவற்றினும் கடினமானது விருந்தோம்பலைப் பற்றிய தயக்கமே. வந்தவர்க்குக் காப்பியில் சர்க்கரையைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்று கருதுவரோ என வீட்டார் அஞ்சுகின்றனர். தட்டிலிட்ட இனிப்பை மறுத்தால் மனம் வருந்துவரோ என விருந்தினர் அஞ்சுகின்றனர். இவ்வாறு இருவரும் அஞ்சி, இருவரும் வேண்டாததை உண்கின்றனர். "சர்க்கரை எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்பதே இக்காலத்திற்கு ஏற்ற உபசாரம். கேட்டு அளிப்பதில் அன்பு குறைவதில்லை, கூடுகின்றது.

இனி, இனிப்பில் மிக்க விருப்பமுடையவர் என் செய்வது? ஒரே நாளில் அனைத்தையும் துறப்பேன் என்று சூளுரைப்பவர் பெரும்பாலும் மூன்றாம் நாளே தோல்வியுறுவர். வாரந்தோறும் காப்பியில் கால் தேக்கரண்டி குறையுங்கள். நான்கு வாரங்களில் இரண்டு கரண்டி ஒன்றாகும். எட்டு வாரங்களில் ஒன்றும் வேண்டாததாகும். குறைந்த இனிப்பினைச் சில மாதங்கள் உண்டு பழகியவர்க்கு, முன்னர் அளவாகத் தோன்றிய இனிப்பே மிகையாகத் தோன்றுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நாவும் கற்றுக்கொள்ளும் இயல்புடையதே.

முதலில் குளிர்பானத்தை விலக்குங்கள். தாகத்திற்கு நீரும் மோரும் இளநீரும் உள. பழச்சாற்றினும் பழமே சிறந்தது. அதன் நார்ச்சத்து சர்க்கரை விரைந்து குருதியிற் கலப்பதைத் தடுக்கின்றது. உறையிலிட்ட பண்டம் வாங்குமுன் அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்பது குறிக்கப்பட்டிருக்கும். குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் என்பன எல்லாம் சர்க்கரையின் மாற்றுப் பெயர்களே. உணவுப் பண்டங்களிலுள்ள சர்க்கரையின் அளவை எழுதிக்காட்டும் பலகைகளைப் பள்ளிகளில் வைக்குமாறு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளைப் பணித்தது. அத்தகைய பலகை ஒன்றினை எந்தப் பள்ளி மாணவரும் ஓர் அட்டையும் எழுதுகோலும் கொண்டு தாமே செய்துவிடலாம்.

இவ்வாறு கூறுவதால் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை வெறுக்க வேண்டுமென்பது பொருளன்று. நோயுடையோர் மருத்துவரின் சொற்படி நடத்தல் வேண்டும். ஏனையோர் திருநாளன்று மகிழ்ந்து உண்க. தோழனின் பிறந்தநாளில் ஒரு துண்டு இனிப்பை அவனோடு பகிர்ந்து உண்க. அன்றாட இனிப்பை விலக்கியவனுக்கே திருநாளின் இனிப்பு முழுச் சுவையோடு கிடைக்கும். நாள்தோறும் உண்பவனுக்கோ பொங்கலும் மற்றொரு நாளே.

நம் நகரத்து அறிஞர்கள் எண்ணற்ற நாற்றுகளை வளர்த்து, ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, அவற்றுள் நல்லவற்றை மட்டும் தேர்ந்து, மெல்லிய கரும்பை வளமிக்க கரும்பாக மாற்றினர். ஒரு பயிரின் இயல்பையே மாற்றிய கோவையிற் பிறந்த நமக்கு, நம் நாவின் பழக்கத்தை மாற்றுவது அரிதோ? அவர்களுக்குப் பல்லாண்டுப் பொறுமை வேண்டியிருந்தது. நமக்கு எட்டு வாரங்கள் போதும். நாளைக் காலைக் காப்பியிலேயே தொடங்கலாம். இனிப்பை வெறுக்க வேண்டா. அதற்கு உரிய நாளை மீண்டும் அதற்கே கொடுப்போமாக.