சொல்லாமல் விட்ட பாதி

நவம்பர் பிறந்ததும் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வரிசை நீளும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. கனிவு என்னும் சொல்லின் பொருளை நாங்கள் கற்றது அவ்வரிசையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்க் கிளை ஒன்றில் பணியாற்றினோம். குடும்ப ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவரின் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்கவில்லை. "நாளை வாருங்கள், மாதாஜி" என்று இன்முகத்துடன் சொல்லி அனுப்பினோம். மறுநாளும் அதே விடைதான். மூன்றாம் நாள், புதிதாகச் சேர்ந்திருந்த எழுத்தர் ஒருவர், "அச்சிட்ட படிவத்தில் வாங்கிக்கொள்ளலாமே, சார்?" என்று மெல்லக் கேட்டார். ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்தது. மூன்று நாளும் ஷேர் ஆட்டோவில் வந்துபோன அம்மூதாட்டி, எங்கள் தலைதொட்டு வாழ்த்திச் சென்றார். அவ்வாழ்த்து இன்றும் உறுத்துகிறது.

அந்த இரு நாள்களிலும் நாங்கள் கடுஞ்சொல் ஏதும் கூறவில்லை, விதியையும் மீறவில்லை. விதியின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டோம், அவ்வளவே. கனிவு என்பது புன்னகையன்று. கேட்கத் தெரியாதவருக்கு, அவர் கேளாமலே வழியை எடுத்துச் சொல்வது என்பது எங்கள் கருத்து.

விதிகளில் கனிவுக்குக் குறைவில்லை. 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் வழங்குதல், வாழ்நாள் சான்றிதழ் பெறுதல் போன்ற அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே அளிக்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிறைந்தோர், நெரிசலைத் தவிர்த்து அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்றிதழ் அளிக்கலாம். ரேகை பதியாதோருக்கு உதவும் வகையில், முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் முறையும் 2021-இல் வந்துவிட்டது. ஆயினும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை எவருடைய முழங்கால் வலியையும் தீர்ப்பதில்லை. ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் அது பயன்படும்.

இதில் வாடிக்கையாளர்களுக்கும் பங்குண்டு. வரிசையில் பின்னால் நிற்கும் முதியவரை முன்னே விடலாம். எழுத இயலாதவருக்குப் படிவத்தை நிரப்பித் தரலாம். ஆனால் அவருடைய ரகசிய எண்ணைக் கேட்காமலிருப்பதும் கனிவின் பகுதியே. வீட்டில் நடமாட இயலாத பெரியவர் இருப்பின், அவரை அழைத்து வருமுன் கிளைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து ஓர் உறுதி. "நாளை வாருங்கள்" என்று சொல்லும் முன், இன்றே முடிக்க வேறு வழி உண்டா என்று எங்களை நாங்களே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். நாங்கள் மறந்தால், தயங்காமல் நீங்கள் கேளுங்கள்.