தைத்தவளுக்கும் ஒரு பேர்



லுணுகலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். “என் மகள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கொழும்பில் நடக்கிற பெஷன் ஷோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, தானும் டிசைனர் ஆகப் போவதாகச் சொல்கிறாள். பணக்காரர்கள் உடுப்பைக் காட்டி நடக்கிற அந்தக் கூத்துக்கும் எங்கள் லயத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் தையல் படிப்பிக்கிற டீச்சர்தானே, அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

புத்தி சொல்வதற்கு முன்னால் விஷயம் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா? அந்தக் கூத்தை நான் நேரிலே பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தெரிந்த ஒருவர் கொடுத்த அனுமதி அட்டையோடு, கொழும்புப் பெஷன் வாரத்தில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன்.

பெரிய ஹோட்டல் மண்டபம். நடுவில் நீளமான நடைமேடை, இரண்டு பக்கமும் கதிரைகள். வெளிச்சம் அணைந்து இசை தொடங்கியதும் பெண்களும் ஆண்களும் ஒருவர் பின் ஒருவராக நடந்து வருவார்கள். முகத்தில் சிரிப்பு இராது. பார்க்கிறவர்களின் கண் உடுப்பிலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. ஒரு டிசைனருடைய காட்சி பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் அவர் மேடைக்கு வந்து கும்பிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். அவருடைய பேரைச் சொல்வார்கள்.

பக்கத்தில் இருந்தவர்கள் நிறத்தையும் நடையையும் பார்த்தார்கள். நான் தையற்காரி, என் கண் ஓரமடிப்பிலும் கை இணைப்பிலும்தான் போனது. ஒரு சாரியில் கைத்தறிக் கரை. ஒரு சட்டையில் பத்திக் வேலை. ஒரு மேலாடையின் கழுத்தைச் சுற்றி ஊசியால் போட்ட சின்னச் சின்னப் பூக்கள். அந்தப் பூ வேலைக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. அந்த ஒரு வாரம் குனிந்திருந்த கழுத்து யாருடையது என்பதை அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.

இது வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள், இது ஒரு சந்தை. முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் கடைகளுக்காக வாங்க வருகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும்தான். மேடையில் வருகிற எல்லா உடுப்பும் விற்காது. எதற்கு ஓடர் கிடைக்கிறதோ அதுதான் பிறகு நூறாகவும் ஆயிரமாகவும் தைக்கப்படும். மேடையில் பத்து நிமிடம் ஓடுவது, பல மாதம் பல கைகளுக்கு வேலையாகப் போகிறது. எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்கவிலும் மற்ற இடங்களிலும் கார்மண்ட்ஸில் தைக்கிற உடுப்புகளில் பலவும் ஏதோ ஒரு நாட்டில் இப்படி முதலில் யாரோ நடந்து காட்டிய மாதிரிகளை ஒட்டித்தான் வருகின்றன. ஆகவே, சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கும். பெஷன் வாரம் என்ற பழக்கமே ஒரு யுத்தத்தில்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் நகரம் ஜெர்மன்காரர் கையில் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அங்கே போய்ப் புதிய உடுப்புகளைப் பார்க்க வழியில்லை. அப்போது, 1943ஆம் ஆண்டு, எலினோர் லாம்பேர்ட் என்ற பெண் நியூயோர்க்கில் உள்ளூர் டிசைனர்களை ஒரே வாரத்தில் கூட்டிப் பத்திரிகைக்காரருக்குக் காட்டினார். எங்கள் நாட்டிலும் கொழும்புப் பெஷன் வாரத்தை அஜய் வீர் சிங் என்பவர் 2003ஆம் ஆண்டு தொடங்கினார். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, துவக்குச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது. கொழும்பில் விளக்குப் போட்டு நடந்த அதே காலத்தில் வன்னிக்குப் போன எங்கள் சொந்தங்கள் கூடாரத்திலிருந்து கூரைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் கூரையும் போனது. அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யுத்தம் என்றால் வடக்கு கிழக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. அதற்கு முன் 1977இலும் பின் 1983இலும் கலவரத்துக்குப் பயந்து மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனை! அங்கே காடு வெட்டிக் குடியேறி, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாம் பார்த்து, சிலர் மறுபடியும் இந்த மலைக்கே வந்தார்கள். என்னிடம் தையல் படிக்க வந்த ஒரு தங்கையும் அப்படி வந்தவள்தான். கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள். பசறைப் பக்கத்தில் அண்ணன் வீட்டு லயக் காம்பிராவில் ஒரு மூலை. தோட்டத்தில் பேர் பதிய இடமில்லை. ஆனால் முகாமில் இருந்தபோது படித்த ஊசி வேலை கையில் இருந்தது. அவள் போடுகிற மல்லிகை மொட்டைத் துணியிலிருந்து பறித்துவிடலாம் போலிருக்கும்.

‘பேர்’ என்றேன் அல்லவா? அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். எங்கள் அம்மாமார் “இன்றைக்குப் பேர் விழுந்ததா?” என்று கேட்டால், “உழைப்பை ஒத்துக்கொண்டு எழுதினார்களா?” என்பதுதான் பொருள். கூலியும் பேரும் ஒரே சொல். வெளியுலகத்தில் இவை இரண்டாகப் பிரிந்துவிட்டன. கூலி ஒருவருக்கு, பேர் வேறொருவருக்கு. ஊவாத் தேயிலை என்றால் உலகத்துக்குத் தெரியும். 1890இல் வந்து ஹப்புத்தளையில் தோட்டம் வாங்கிய லிப்டன் துரையின் பேர் இன்றும் பெட்டியில் இருக்கிறது. பறித்தவளின் பேர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

உடுப்பிலும் இதே கதைதான். இன்று உலகமெல்லாம் போடுகிற ஜீன்ஸ் களிசான் முதலில் கூலியாட்களின் வேலை உடுப்பு. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரிடம் ஒரு தொழிலாளியின் மனைவி வந்து, கணவனுக்குக் கிழியாத களிசான் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டாள். அவர் பொக்கட் மூலைகளில் செப்பு ஆணி அடித்துத் தைத்தார். அந்த யோசனைக்கு உரிமை பெறக் கையில் காசு போதாமல், தனக்குத் துணி கொடுத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873இல் உரிமை கிடைத்தது. இன்று லீவையின் பேரைத் தெரியாத இளைஞர் இல்லை. தைத்த டேவிஸை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த யோசனைக்குக் காரணமான பெண்ணின் பேரோ கதையிலேயே வருவதில்லை. எங்கள் அம்மாமார் தேயிலைக் கிளை குத்தாமல் இடுப்பில் கட்டுகிற படங்கும், மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியும் கூட யாரோ ஒரு பெண் யோசித்துக் கண்டுபிடித்த உடுப்புகள்தானே. அதை யாரும் டிசைன் என்று சொன்னதில்லை.

ஆனால் எல்லோரும் மறைத்தே வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பார்பரா சன்சோனி என்ற ஓவியர், நல்லாயன் கன்னியர் ஆதரவில்லாத பெண்களுக்காக நடத்திய நெசவு நிலையங்களுக்கு நிறமும் கோலமும் போட்டுக்கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்துதான் 1964இல் ‘பெயார்புட்’ என்ற நிறுவனம் வளர்ந்தது. அவர் 2022இல் காலமானார். மாத்தளை அலுவிகாரையில் ஏனா டி சில்வா ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் தையலும் வளர்த்தார். வசதியுள்ளவர்கள்தான் இவர்கள். என்றாலும் பெண்கள் தம் ஊரிலேயே இருந்து, வீட்டையும் பார்த்துக்கொண்டு, நல்ல விலைக்குப் போகும் வேலை செய்ய முடியும் என்று காட்டினார்கள்.

பேரில்லாமல் இருப்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவை ஆடைத் தொழிற்சாலைகள். 1,134 பேர் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். எந்தெந்தக் கம்பனிக்கு அங்கே தைத்தார்கள் என்பதை இடிபாட்டில் கிடந்த லேபல்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கம்பனியின் பேர் துணியில் இருந்தது. தைத்தவளின் பேர் எங்கும் இல்லை. அதன் பிறகுதான் “என் உடுப்பைத் தைத்தது யார்?” என்று வாங்குகிறவர்களே கேட்கும் ஓர் இயக்கம் பல நாடுகளில் எழுந்தது.

இனி என் மாணவியின் கதைக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அவளுடைய வேலையைப் பார்த்து, பூ வேலை செய்த நாற்பது சால்வை கேட்டார். ஒன்றுக்கு 800 ரூபா. துணி அவர் தருவார், நூலும் மற்றச் செலவும் இவளுடையது. நாற்பதை எண்ணூறால் பெருக்கினால் 32,000. அவ்வளவு பணத்தை அவள் ஒன்றாகக் கண்டதில்லை. சந்தோஷத்தோடு என்னிடம் ஓடி வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கொப்பி எடுத்துக் கணக்குப் பார்த்தோம். நீங்களும் பாருங்கள்.

2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 170. ஒரு சால்வைக்கு அவளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அப்படியானால் கைக்கூலி மட்டும் 2,040. நூல் 200, ஊசி, மின்சாரம் போன்றவை 60, பஸ் செலவு 200. மொத்தம் 2,500 ரூபா. இதில் இலாபம் இன்னும் சேரவில்லை. கொழுந்துக்குக் கிடைக்கிற கூலி மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. 800 ரூபாவுக்குக் கொடுத்தால், செலவு 460 போக மிஞ்சுவது 340. மணிக்கு 28 ரூபா!

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “டீச்சர், நான் வேண்டாமென்றால் அவர் வேறு ஆளைத் தேடிக்கொள்வாரே” என்றாள். அது உண்மைதான். பசியோடு இருப்பவளுக்குப் பேரம் பேசச் சொல்லிக் கொடுப்பது சுலபமல்ல. ஆனாலும் அவள் கொப்பியை அவர் முன்னால் வைத்தாள். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. “ஐயா, இதுதான் என் நேரம்” என்றாள். கூடவே, சால்வையில் தன் பேர் எழுதிய சின்னத் துண்டு ஒன்று தைக்கலாமா என்றும் கேட்டாள். பேருக்கு அவர் சம்மதிக்கவில்லை. விலையை 1,700 வரை ஏற்றினார். அவள் நாற்பதுக்குப் பதிலாகப் பதினைந்து மட்டும் ஏற்றுக்கொண்டு, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கி, கடதாசியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மிச்ச நேரத்தில் தன் பேரிலே தைத்துப் பதுளையில் விற்கிறாள். வீடு இன்னும் கட்டவில்லை. கடனும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் மணிக்கு 28 ரூபாவுக்கு இனிக் குனியமாட்டாள்.

ஆகவே லுணுகலைச் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் மேடையை மட்டும் பார்க்க விடாதீர்கள். முதலில் அவள் ஒரு சட்டையை அளவெடுத்து, வெட்டி, தைத்து முடிக்கட்டும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்தையல் சுத்தமாக இருந்தால் அவளிடம் பொறுமை இருக்கிறது என்று அர்த்தம். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் என்னென்ன பாடநெறி இருக்கிறதென்று விசாரியுங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும் பாடநெறியாகப் பார்த்துச் சேருங்கள். ஏ.எல். படிக்க விருப்பமென்றால் படிக்கட்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பெஷன் டிசைன் பட்டப்படிப்பே இருக்கிறது; அதற்கு ஏ.எல். பெறுபேற்றோடு தனியான தகுதிகாண் பரீட்சையும் உண்டு. படம் கீறும் கொப்பி ஒன்றை இப்போதே வாங்கிக் கொடுங்கள். தன் கோலங்களைத் திகதி போட்டு, பேர் எழுதி வைக்கப் பழகட்டும்.

வீட்டில் மெசினோடு இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மெசினை வெறும் கிழிசல் தைக்க மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எத்தனை மணிக்கு முடித்தேன், நூலுக்கு என்ன செலவு என்று எழுதுங்கள். விலை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள். முன்பணமும் எழுத்தும் இல்லாமல் பெரிய ஓடர் எடுக்காதீர்கள். நுண்கடன் வாங்கித் துணி வாங்க வேண்டாம். துணியை ஓடர் தருகிறவரே தரட்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே விலை சொன்னால், “வேறு ஆளைத் தேடுவேன்” என்ற பயமுறுத்தலும் எடுபடாது. ஒவ்வொரு உடுப்பின் உள்ளேயும், யாரும் கேட்காவிட்டாலும், உங்கள் பேரை இரண்டு எழுத்திலாவது நூலால் போட்டு வையுங்கள்.

அடுத்த மாதம், பழைய சாரியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை தைப்பது எப்படி என்று படத்தோடு சொல்கிறேன். அதுவரை, கொப்பியில் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல் டீச்சர்